எந்த ஆமா?

"உலகத்துல இதுவரைக்கும் நடந்த சண்டைகள்ல பாதி, 'இல்லையா?'ன்னு கேட்ட கேள்விக்கு யாரோ ஒருத்தன் தப்பாப் பதில் சொன்னதால வந்தது. மீதிப் பாதி, அவனைத் திருத்தப் பக்கத்துல ஆள் இல்லாததால வந்தது."

இப்படிச் சொன்னவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. ஆனாலும் முகத்தில் துளி விளையாட்டு இல்லை. கல்வெட்டில் பொறிக்கத் தயாராக ஆள் நிற்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"முதல்ல கொப்பளிச்சிட்டு வாடா. உலகத்தை அப்புறம் காப்பாத்தலாம்" என்றாள் அக்கா.

வீட்டில் அவனுக்குத் 'திருத்தம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அக்கா வைத்த இதுதான் ஒட்டிக்கொண்டது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறான். வகுப்பின் பலகையில் தினமும் 'இன்றைய குற்றம்' என்று தலைப்பிட்டு ஒரு பிழையான வாக்கியத்தைக் கட்டம் கட்டிப் போடுவான். வீட்டுக்குத் தனியாக ஒரு நோட்டு. அதில் அக்காவுக்கு ஆறு பக்கம், அப்பாவுக்கு முப்பத்தொன்று. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விடும் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. "பேச மறுக்கிறார்."

அன்று காலை அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. குளியலறை வாசல், சமையலறை, ஜன்னல் என்று அலைந்தான். காரணம், மூன்று நாளாக ஃப்ரிட்ஜ் தலையில் கிடந்த அந்தப் பழுப்பு உறை.

அப்பா லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம் ஒரே கம்பெனி. போன மாதம், பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிப்டின் மெஷின் ரூம் கதவு பூட்டாமல் கிடந்தது. எவரோ உள்ளே போய் ஸ்விட்ச்சை இறக்கிவிட்டார். லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றது. உள்ளே இருந்த கிளார்க் ஒருவர் பொறுமையில்லாமல் கதவைப் பிளந்து குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பூட்டாமல் போனது யார் என்று விசாரணை. விசாரித்த பாதுகாப்பு அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும் என்றும் சொல்ல முடியாது. அந்த வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்துதான் உறையில் அனுப்பியிருந்தார்கள். இன்று மூன்று மணிக்குப் போய் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீ பிரிக்கிறியா, நான் பிரிக்கட்டுமா?" என்றாள் அக்கா.

அக்கா பொய்ப்பல் கட்டும் கூடத்தில் டெக்னீசியன். நகக்கண்ணில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருக்கும். ஈறு செய்வதற்கான மெழுகு. எதைக் கொடுத்தாலும் அச்செடுத்துவிடுவாள். ஒருமுறை வீட்டுச் சாவி ஒன்றுதான் மிஞ்சியது என்றபோது, அதைப் பல் அச்சு மாவில் அமுக்கி, பல்லுக்குக் கம்பி வார்க்கும் உலோகத்திலேயே இன்னொன்று வார்த்துக் கொண்டுவந்தாள். அசல் துரு பிடித்தது. நகல் இன்னும் பளபளக்கிறது.

திருத்தம் உறையை வாங்கினான். ஒட்டிய இடத்தில் லேசாக ரோஸ் நிறம். பசையில்கூட கலர் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிழித்தான். இரண்டு தாள்கள். முதல் தாளை உரக்கப் படித்தான்.

பதினாலாவது கேள்வியில் நின்றான்.

"யூ டிட் நாட் லீவ் தி டோர் ஓபன், டிட் யூ?"

பதில், "யெஸ்."

அதன் பக்கத்தில் அதிகாரி பென்சிலால் எழுதியிருந்தார். 'கதவைத் திறந்து விட்டதை ஒப்புக்கொள்கிறார்.'

ஒரு கணம் அவன் முகத்தில் மின்னியது துக்கம் இல்லை. அரிய வண்ணத்துப்பூச்சி தானாக வந்து வலையில் உட்கார்ந்ததைப் பார்த்தவனின் சந்தோஷம். "அப்பா! இது பாடப்புத்தகத்துல போட வேண்டிய தப்புப்பா!"

"என்ன தப்பு? நீ கதவைத் தொறந்து விடலையேன்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"அதான்! தமிழ்ல 'நீ சாப்பிடலையா?'ன்னா 'ஆமா, சாப்பிடல'ம்போம். கேட்டவங்க சொன்னது சரின்னு ஆமா போடறோம். இங்கிலீஷ்ல அப்படிக் கிடையாது. செஞ்சிருந்தா யெஸ், செய்யலைன்னா நோ. கேள்வி எப்படி வந்தாலும் அதேதான். நீங்க யெஸ்னதும் தொறந்து விட்டேன்னு ஆகிப்போச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். தலையைத் தலையை ஆட்டி, கண்ணை இடுக்கி, அப்பா மாதிரியே செய்து காட்டினான். "யெஸ் மேடம். யெஸ் யெஸ். தூக்குல போடலாமா? யெஸ் மேடம்."

அக்கா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. டூல் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது அது.

"விசாரணைக்கு முன்னாடி நாள் நீதானடா சொல்லிக் குடுத்த?" என்றார் மெதுவாக.

"என்னன்னு?"

"'முழு வாக்கியம் பேசாதீங்கப்பா, மானம் போகும். யெஸ், நோ, அவ்வளவுதான். குழப்பமா இருந்தா யெஸ்னு சொல்லிடுங்க.' வாட்ச்சைப் பாத்துக்கிட்டே சொன்ன. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு."

திருத்தத்தின் வாயில் இருந்த நுரை எப்போது வயிற்றுக்குள் போனது என்று தெரியவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா?" என்றாள் அக்கா.

"லைசென்ஸ் போகும்" என்றார் அப்பா. "அப்புறம் லிப்ட்ல ஏறலாம். தொட முடியாது."

அக்கா கைப்பையை மாட்டினாள். செருப்பைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "மூணு மணிக்கு நீயும் கூடப் போடா. உன் இங்கிலீஷ் இன்னிக்காவது வீட்டுக்கு உதவட்டும்." சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியவள், திரும்பி இரண்டாவது தாள் அவன் சட்டைப் பைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள்.

*

பத்து மணி வகுப்பில் பதினேழு பேர். பலகையில் இன்றைய குற்றம் எழுதப்படவில்லை. சாக்பீஸ் அவன் கையில் மூன்று துண்டாகியிருந்தது.

"சார், வேலைக்கு அப்ளை பண்ணினேன். பதிலே வரல" என்றார் பேக்கரியில் வேலை செய்யும் பெண். "நான் கடுமையா உழைக்கிறவள்னு நல்லாத்தான் எழுதியிருந்தேன். 'ஐ ஹார்ட்லி வொர்க்.'"

வேறொரு நாளாக இருந்தால் இந்த வாக்கியத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருப்பான். இன்று, "ஹார்ட்னு எழுதுங்கம்மா. 'லி' சேர்த்தா வேலையே செய்யறதில்லைன்னு அர்த்தம்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சார், ஐ ஹேவ் எ டவுட்" என்று பின்பெஞ்சில் ஒரு கை எழுந்தது. டாக்ஸி ஓட்டுகிறவர். அவர் தினமும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார். டவுட் என்றால் சந்தேகப்படுவது, கேள்விக்குக் கொஸ்டின் என்று இவனும் தினமும் திருத்துவான். இன்று திருத்தவில்லை. வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

"நேத்து ஒரு ஃபேமிலி சார். 'டோன்ட் யூ நோ தி வே?'ன்னாங்க. வழி தெரியாதான்னு கேக்கறாங்க. எனக்குத் தெரியாது. அதனால யெஸ்னேன். சந்தோஷமா ஏறி உக்காந்துட்டாங்க. முக்கால் மணி நேரம் சுத்தினோம்."

வகுப்பு சிரித்தது. திருத்தம் சிரிக்கவில்லை.

"எப்பவுமே இப்படித்தான் சொல்வீங்களா? ஒரு தடவையாவது நோன்னு வாயில வந்திருக்கா?"

"எங்க சார் வரும்? இல்லைதானேன்னு கேட்டா ஆமான்னுதான வருது. பொறந்ததுல இருந்து அப்படியே பழகிப்போச்சு."

எப்பவுமே. திருத்தம் சட்டைப் பையிலிருந்து முதல் தாளை உருவினான். நாலாவது கேள்வி, நீங்கள் வேறு கம்பெனியில் வேலை பார்த்ததில்லையே? யெஸ். ஒன்பதாவது, நீங்கள் கண்ணாடி போடுவதில்லையே? யெஸ்.

அப்பாவுக்கு அம்பத்தாறு வயதிலும் கண்ணில் கோளாறு கிடையாது. அதிகாரிக்கு எதிரே மூன்று மணி நேரம் கண்ணாடி இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய 'யெஸ்' உண்மையிலேயே இங்கிலீஷ் யெஸ் என்றால், அந்த மூக்கின் மேல் ஒரு கண்ணாடி இருந்திருக்க வேண்டும்!

"இன்னிக்கு வகுப்பு முடிஞ்சது" என்றான். மணி பத்தே முக்கால்.

"சார், என் டவுட்டு?"

"உங்க டவுட்டு ரொம்ப நல்ல டவுட்டு" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினான். அந்தக் கட்டடத்தில் லிப்ட் இருந்தது. அதற்காகக் காத்திருக்கும் பொறுமைதான் அவனிடம் இல்லை.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பா. பக்கத்தில் இவன். விஷயத்தை மூச்சு விடாமல் சொன்னான். கண்ணாடி, வேறு கம்பெனி, எல்லா யெஸ்ஸும் ஒரே அச்சு.

"அப்ப நான் பேசினது தப்பில்லையா?"

"தப்புதான். ஆனா ஒழுங்கான தப்பு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி. அதுதான்ப்பா நம்மளைக் காப்பாத்தப் போகுது."

அப்பா இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்தபடி வெளியே பார்த்தார். திருத்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரியிடம் எப்படி நிற்பது, எந்தச் சொல்லை எங்கே அழுத்துவது என்று ஒத்திகை ஓடியது. இருக்கும் நேரத்தில் இரண்டாவது தாளையும் பார்த்துவிடலாம் என்று பிரித்தான்.

பதினேழாவது கேள்வி. 'உங்களைத் தவிர வேறு யாரிடமும் அந்தக் கதவின் சாவி இல்லையே?'

பதில், "யெஸ்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் அந்த வரியை மறுபடி படித்தான்.

அப்பாவின் யெஸ் எல்லாம் தமிழ் ஆமா என்று நிரூபித்தால், இதுவும் ஆமாதான். ஆமா, வேறு யாரிடமும் இல்லை. அப்படியானால் அந்தக் கதவைத் திறந்திருக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். பதினாலில் காப்பாற்றுகிற அதே விதி, பதினேழில் கழுத்தைப் பிடிக்கிறது.

"அப்பா."

"ம்."

"வேற யார்கிட்டயும் அந்தச் சாவி இல்லைதானே?"

"ஆமா."

"எந்த ஆமா?"

அப்பா பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தார்.

"ஆமா, இல்லையா? ஆமா, இருக்கா?"

"ஏன்டா, ஆமால என்னடா ரெண்டு?"

"நேத்து வரைக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா டூல் பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். பூட்டை ஒரு தடவைக்கு நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிற மனிதர். அந்தக் கை இப்போது பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"பதினாலுக்கு நான் சொன்னது நம்ம ஆமா" என்றார் கடைசியில். "பதினேழுக்குச் சொன்னது... அதை விடு. ஸ்டாப்பிங் வந்துருச்சு."

ஸ்டாப்பிங் வரவில்லை. இருவரும் அடுத்த ஏழு நிமிஷம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்கள்.

*

அதிகாரி, மேஜையில் பேனாவைக்கூட கோடு பிடித்தாற்போல வைத்திருக்கிற பெண்மணி. பேசியது முழுக்க ஆங்கிலம். முடிந்தவரை இங்கே தமிழில்.

"இவருக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறாயா?"

"திருத்த வந்திருக்கிறேன்" என்றான் திருத்தம். வழக்கமாக இந்தச் சொல் அவன் வாயில் வெல்லமாக இருக்கும். இன்று ஒட்டிக்கொண்டது.

சொன்னான். சாப்பிடவில்லையா, ஆமா. வரவில்லையா, ஆமா. டாக்ஸிக்காரர் கதையைச் சொன்னான். ஒன்பதாவது கேள்வியைக் காட்டினான். அதிகாரி தாளைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று, கண்ணை நன்றாக அகல விழித்துக் காட்டினார்.

"சரி" என்றார் அதிகாரி. பதினாலின் பக்கத்தில் இருந்த பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். அந்த ரப்பர் சத்தம் திருத்தத்துக்கு மேளம் மாதிரி கேட்டது. ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, தாளைத் திருப்பினார்.

"அப்படியென்றால் இதையும் அதே மாதிரிதானே படிக்க வேண்டும்? வேறு யாரிடமும் சாவி இல்லை. கதவில் உடைத்த அடையாளமும் இல்லை. உன் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது எங்கே போய் நிற்கிறது என்று நீ பார்த்தாயா?"

பார்த்திருந்தான். பஸ்ஸில்.

"உங்கள் மொழியிலேயே கேள். இப்போது."

திருத்தம் அப்பா பக்கம் திரும்பினான். இந்த முறை சுற்றி வளைக்காமல், இல்லை கில்லை எதுவும் போடாமல், நேராகக் கேட்டான். "இன்னொரு சாவி யார்கிட்டப்பா இருக்கு?"

அப்பா கூரையில் இருந்த ட்யூப் லைட்டைப் பார்த்தார். அது இமைத்துக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட்டர் போயிருக்கு" என்றார்.

"என்ன சொல்கிறார்?"

"விளக்கு... பழுதாம்."

அதிகாரி பேனாவைக் கோட்டிலிருந்து எடுத்தார். "இன்று கையெழுத்து வேண்டாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு இவரிடம் இருக்கிற எல்லாச் சாவியும் இந்த மேஜைக்கு வர வேண்டும். அந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி சுற்றுகிறது என்று பூட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். வேறு உலோகச் சாவி போட்டுத் திறந்திருந்தால் உள்ளே கீறல் இருக்கும். கீறல் இல்லையென்றால், லைசென்ஸைக் காப்பாற்றப் பேச ஒன்றும் மிச்சமில்லை."

வேறு உலோகம் என்று மொழிபெயர்த்தபோது அப்பாவின் கை ஜிப்பில் அப்படியே நின்றது.

அதே நேரம் திருத்தத்தின் பையில் போன் அதிர்ந்தது. மேஜைக்கு அடியில் சாய்த்துப் பார்த்தான். அக்கா.

'17வது கேள்வியைக் கேட்டாங்களாடா?'

இரண்டு தடவை படித்தான். வீட்டில் அவன் உரக்கப் படித்தது முதல் தாள் மட்டும். பதினாலோடு நிறுத்தினான். இரண்டாவது தாள் அவன் பையை விட்டு வெளியே வந்தது பஸ்ஸில்தான்.

உறையின் ஓரத்து ரோஸ் நிறம் ஞாபகம் வந்தது. பசையில் கலர். அக்காவின் நகக்கண். வாசலில் திரும்பி நின்றவள். பளபளக்கிற வீட்டுச் சாவி. அதே அச்சு மாவில் மெஷின் ரூம் சாவியும் பதிந்திருக்குமோ?

"ஒன்று மட்டும் கேட்கிறேன்" என்றது அதிகாரியின் குரல், எங்கோ தூரத்தில். அவர் நாற்காலியிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்திருந்தார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். "யூ ஆர் நாட் சேயிங் ஆல் திஸ் ஜஸ்ட் பிகாஸ் ஹி இஸ் யுவர் ஃபாதர், ஆர் யூ?"

உன் அப்பா என்பதற்காக மட்டும் இதையெல்லாம் சொல்லவில்லையே நீ?

இல்லை. நிச்சயமாக இல்லை. விதி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, டாக்ஸிக்காரர் இருக்கிறார். நேர்மையாகக் கேட்ட கேள்வி. திருத்தம் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைக்காத குறையாக, பணிவோடு, இரண்டு தடவை தலையை ஆட்டினான்.

"யெஸ்" என்றான். "யெஸ், மேடம்."

பேனா தாளில் ஓடியது. என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

அப்பா மெல்ல அவன் காதுப்பக்கம் சாய்ந்தார். "ஏன்டா, இதுக்கு நீ நோ சொல்லியிருக்கணும், இல்லையா?"

திருத்தம் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"ஆமா" என்றான், அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல.